வெட்டிவேரின் மணம் யாருடைய கைவேலை?

சிங்கப்பூரின் தேக்காவில் பூசைப் பொருள் விற்கும் கடைகளில், சாம்பிராணிப் பொட்டலங்களுக்கும் நாமக்கட்டிக்கும் நடுவே, வெட்டிவேர் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லை. பழைய துடைப்பத்தை அவிழ்த்துச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். தண்ணீர் தெளித்து முகர்ந்தால்தான் அதன் குணம் தெரியும்: புழுதியில் முதல் மழை விழுந்த வாசனை, அதற்கு அடியில் ஈர மரம், இன்னும் அடியில் எலுமிச்சைத் தோலின் சாயல். என் அம்மா ஒரு கட்டு வாங்கிவந்து, கொதித்து ஆறிய நீரில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பார். ஊரில் மண்பானை, இங்கே நெகிழிக் குடுவை. பாத்திரம் மாறியதே தவிர வேர் மாறவில்லை.

உலக வாசனைத் தொழிலில் இந்த வேருக்கு வழங்கும் பெயர் ‘வெட்டிவர்’. நம் சொல்தான், பிரெஞ்சுக்காரர்களின் நாக்கில் புரண்டு ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. (கடையில் விலாமிச்சை வேர் கேட்டால் சிலர் இதையே எடுத்து நீட்டுவார்கள். விலாமிச்சை துளசிக் குடும்பம். வெட்டிவேர் ஒரு புல்.) பெயர் நாம் கொடுத்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மணம் யார் கொடுத்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை அவ்வளவு நேராக இல்லை.

2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாக்டீரியாவும் பூஞ்சையும் நீக்கப்பட்ட வெட்டிவேர்ச் செடிகளையும் வழக்கமான செடிகளையும் வளர்த்து, இரண்டின் வேர்களிலிருந்தும் எண்ணெய் வடித்து ஒப்பிட்டார்கள். துப்புரவான செடி தந்த எண்ணெய் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் மணப்பொருட்களைவிட மெழுகுச் சாதியைச் சேர்ந்த ஹைட்ரோகார்பன்களே மிகுந்திருந்தன. நான்கு ஆண்டு கழித்து இத்தாலிய ஆய்வாளர்கள் அதே வேரை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். எண்ணெய் சேரும் திசுவுக்குள்ளேயே பாக்டீரியா குடியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து, வெட்டிவேர் எண்ணெயை மட்டுமே உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்டது. உண்டதோடு நிற்காமல், எண்ணெயிலிருந்த செஸ்குவிடெர்ப்பீன் மூலக்கூறுகளை உருமாற்றி, கடையில் விற்கும் எண்ணெயில் காணப்படும் மணப்பொருட்கள் பலவற்றை வெளியே விட்டது.

செடிக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அடிப்பொருளைக் கட்டும் நொதிகள் வெட்டிவேரின் சொந்த மரபணுக்களிலேயே இருக்கின்றன. செடி மாவு பிசைந்து தருகிறது. அதைப் பல பலகாரமாகச் சுட்டு அடுக்குவதில் வேருக்குள் குடித்தனம் இருப்பவர்களுக்கும் கை இருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் பேச்சு ஓடுகிறது. எப்படியானாலும், ஒரு செடியின் மணம், கசப்பு, உயரம், நோய்த்தாக்கம் தாங்கும் திடம் என்று நாம் செடியின் பெயரில் வரவு வைக்கும் பலவும் கூட்டுக் குடும்பத்துச் சம்பாத்தியம். சிங்கப்பூர்வாசிகளுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டிய செய்தி. நம்மில் பெரும்பாலோருக்கு மண் என்பது பையில் காசு கொடுத்து வாங்கும் சரக்கு.

வேரோரச் சந்தை

வேரை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மண். இடம் அவ்வளவுதான். ஜெர்மானிய வேளாண் அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் 1904-இல் அதற்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். சற்றுத் தள்ளியுள்ள மண்ணைக் காட்டிலும் இங்கே பாக்டீரியா பத்து மடங்கு, சில வேளைகளில் நூறு மடங்கு அடர்ந்திருக்கும். கூட்டத்துக்குக் காரணம் சாப்பாடு. இலை வெயிலில் கட்டிய சர்க்கரையில் ஒரு கணிசமான பங்கு வேர்வரை இறங்கி மண்ணுக்குப் போய்விடுகிறது. மதிப்பீடுகள் 10 விழுக்காட்டிலிருந்து 40 வரை நீள்கின்றன; பயிரைப் பொறுத்தும் வயதைப் பொறுத்தும் மாறும். அதில் சர்க்கரை இருக்கும், அமினோ அமிலங்கள் இருக்கும், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் பச்சை ஆப்பிளைப் புளிக்கவைக்கும் மாலிக் அமிலமும் இருக்கும், வேர்நுனி விடும் வழவழப்பான கோழையும் இருக்கும்.

மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தெருவில் இறைக்கிற மனிதரைப் பார்த்தால் ஊதாரி என்போம். செடி ஊதாரி இல்லை. அதற்கு வேண்டிய இரண்டு முக்கியச் சத்துகள் கைக்கெட்டும் தொலைவில் பூட்டிக் கிடக்கின்றன. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அந்த மூலக்கூறின் பிணைப்பை எந்தச் செடியாலும் தனியாக உடைக்க முடியாது. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் மண்ணிலேயே இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் போன்ற மழை கொட்டும் ஊர்களின் அமிலச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சாவி வைத்திருப்பவர்கள் நுண்ணுயிர்கள். வேர் கசிவது அவர்களுக்கான கூலி.

கூலிக்கு ஆள் பிடிக்க வேர் பயன்படுத்தும் மொழிகளில் ஒன்று, நான் படித்தவற்றிலேயே மிகவும் பிடித்த கதை. கரும்பிலும் சோளத்திலும் ஒட்டுண்ணியாக முளைத்துப் பயிரை உறிஞ்சும் சுடுமல்லி என்ற களை தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அதன் விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் தூங்கும். பக்கத்தில் ஓம்புயிர்ச் செடியின் வேர் வந்தால்தான் விழிக்கும். அதை எழுப்பும் பொருளை 1966-இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தார்கள். அந்த வகைப் பொருட்களுக்கு, ஒட்டுண்ணியின் அறிவியல் பெயரான ஸ்ட்ரைகாவைத் தழுவியே, ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பெயர் நிலைத்தது. தன்னைக் கொல்ல வருபவனை எழுப்பும் பொருளைச் செடி ஏன் கசியவிட வேண்டும்? விடை கிடைக்க கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு ஆனது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்: அது, வேருக்குள் குடியேறும் பூஞ்சையான வேர் உட்பூசணத்துக்கு விடும் அழைப்பு. பூசண இழையின் மீது அது பட்டதும் இழை கிளைத்துக் கிளைத்து வேரைத் தேடி வருகிறது. சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கும் திருடன், அவ்வளவே. இன்னும் மூன்று ஆண்டு கழித்து, அதே பொருள் செடிக்குள் ஹார்மோனாகவும் வேலை செய்து தண்டின் கிளைப்பை அடக்குகிறது என்பது தெரிந்தது. மணிச்சத்து குறைந்தால் செடி ஸ்ட்ரைகோலாக்டோனைக் கூட்டும்: மேலே கிளையைக் குறை, கீழே ஆளைக் கூப்பிடு. ஒரே பொருள், இரண்டு உத்தரவு.

அழைப்பை ஏற்று வரும் பூசணத்தைத்தான் நம் விவசாயிகள் ‘வேம்’ என்கிறார்கள். நிலத்துச் செடிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதனுடன் உறவு வைத்திருக்கிறது. பூசணம் வேரின் உயிரணுச் சுவரைத் தாண்டி உள்ளே போய், சிறு மரம்போல் கிளைத்து நிற்கும். அந்தக் கிளைகளின் வழியேதான் மணிச்சத்து செடிக்கும், சர்க்கரையும் கொழுப்பும் பூசணத்துக்கும் கைமாறும். ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டு பழைய புதைபடிவத்தில், வேர் என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லாத ஆதிச் செடிகளின் திசுவுக்குள் இதே கிளைப்பு பதிந்திருக்கிறது. வேருக்கு முன்பே வேர் உட்பூசணம் வந்துவிட்டது என்றால் பெயர்தான் பொருந்தவில்லை.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது

இவ்வளவையும் நுண்ணோக்கி இல்லாமல் நம்ப வேண்டியிருக்கிறது. கண்ணால் காணக்கூடிய ஒன்றும் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் 2005-இல் தொடங்கிய பிறகு அடுக்குமாடிகளின் அடியில் முளைத்த சமூகத் தோட்டங்களில், பயற்றங்காய்க் கொடி இல்லாத தோட்டம் அரிது. காய்த்து ஓய்ந்த கொடியை எப்படியும் பிடுங்கப்போகிறார்கள். வெட்டி எறியாமல், சுற்றிலும் மண்ணை இளக்கி வேரோடு மெல்லத் தூக்கி, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் கழன்றுவிடும். (கழலாமல், வேரே வீங்கி முண்டு முண்டாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை, அந்த மண்ணில் அடுத்த முறை தக்காளி வைக்காதீர்கள்.) ஓர் உருண்டையை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. இறைச்சியின் நிறம்.

அந்தச் சிவப்பு, நம் இரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். இந்த வேர் முடிச்சுக்குள் காற்றின் நைட்ரஜனை உடைக்கும் நொதி, ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். அதே வேளையில் உள்ளே உழைக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆக்ஸிஜனை எண்ணி எண்ணிக் கொடுக்கும் காசாளர்தான் இந்தச் சிவப்புப் புரதம். வெளுத்தோ பச்சையாகவோ இருக்கும் முடிச்சு வேலை செய்யாத முடிச்சு. உரத் தொழிற்சாலை இதே வேலையைச் செய்ய 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் கேட்கிறது. பயற்றங்காய் அதைச் சாதாரணத் தட்பவெப்பத்தில், மழையில் நனைந்துகொண்டே செய்கிறது.

முடிச்சு உருவாவதற்கு முன்பும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. வேர் ஃபிளாவனாய்டு என்ற பொருளை விடும். அதைச் சரியாகப் படித்த ரைசோபியம் பதிலுக்குத் தன் அடையாளப் பொருளை அனுப்பும். அடையாளம் பொருந்தினால்தான் வேர்மயிர் வளைந்து உள்ளே இடம் கொடுக்கும். மண்ணில் ஏற்கெனவே யூரியா தாராளமாக இருந்தால் செடி இந்தச் சிரமத்தையே எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் சமைத்து வைத்திருக்கும்போது யார் வெளியே சொல்லி அனுப்புவார்கள்?

கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் சவுக்கு மரங்களுக்கும் இதே போன்ற ஏற்பாடுதான், ஆள் மட்டும் வேறு: ஃபிராங்கியா என்ற பாக்டீரியா. கடலைத் தூர்த்து உருவாக்கிய சத்தற்ற மணலில் சவுக்கு செழிப்பதில் அதற்குப் பங்குண்டு. புக்கிட் தீமா காட்டின் செராயா மரங்களோ வேறு வகைப் பூஞ்சையோடு உறவு கொண்டவை. அது வேரின் உயிரணுக்களுக்குள் நுழையாமல் வேர்நுனிக்கு உறை மாட்டியதுபோல் சுற்றிக்கொள்ளும். காட்டு மரங்கள் இந்தப் பூஞ்சை வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது என்றெல்லாம் பரவும் கதைகளை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். காட்டில் எடுத்த சான்றுகள் அந்த அளவுக்குத் தாங்கவில்லை என்று 2023-இல் அத்துறை ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஆர்க்கிட் கதை நம் ஊருக்கே உரியது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது; முளைக்குத் தேவையான கட்டுச்சோறு அதற்குள் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை பிரெஞ்சுத் தாவரவியலாளர் நொயெல் பெர்னார் 1899-இல் கண்டார். 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சை தரும் சாப்பாட்டைச் சர்க்கரைக் கரைசலாகப் புட்டியில் கொடுத்தாலும் விதை முளைக்கும் என்று காட்டினார். சிங்கப்பூர்ப் பூமலையின் (தாவரவியல் பூங்காவின்) அன்றைய இயக்குநர் எரிக் ஹால்ட்டம் அந்தப் புட்டி முறையை இங்கே கொண்டுவந்து, 1928-இல் கலப்பின ஆர்க்கிட் வளர்ப்பைத் தொடங்கினார். இன்று பிரமுகர்களின் பெயர் சூட்டிக் கொடுக்கும் ஆர்க்கிட்கள் எல்லாம் அந்த மரபில் வந்தவை. ஒரு நாட்டின் மலர்ப் பெருமை, பூஞ்சையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு அதன் இடத்தில் சர்க்கரையை வைத்ததில் வளர்ந்தது! பூஞ்சை செய்த வேலை என்னவென்று தெரிந்ததால்தான் அதை நிறுத்தவும் முடிந்தது.

இலைக்குப் போகும் செய்தி

சத்து கொண்டுவருவதோடு நுண்ணுயிரின் வேலை முடிந்திருந்தால் அதை உரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவை செடியின் மொழியிலேயே எழுதவும் செய்கின்றன. ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உலகம் முதலில் அறிந்தது செடியிடமிருந்து அல்ல. நெற்பயிரை அளவுக்கு மீறி நெடுநெடுவென்று வளர்த்துச் சாய்த்துவிடும் ஒரு பூஞ்சை நோயை ஆராய்ந்த ஜப்பானியர் எய்ச்சி குரோசாவா, பூஞ்சை வளர்ந்த கரைசலை மட்டும் ஊற்றினாலே பயிர் அப்படி நீள்கிறது என்று 1926-இல் காட்டினார். அந்தப் பொருள் செடிகளுக்குள்ளும் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. விவசாயிகள் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவும் இப்படித்தான். காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும், பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அது சுரக்கும் ஆக்சின் ஹார்மோன் வேரை அதிகம் கிளைக்க வைத்து, வேர்மயிரைப் பெருக்குவதே பயிர் செழிக்கப் பெரிய காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தொடாமலேயே பேசுவதும் உண்டு. 2003-இல் ஒரு சோதனை: நடுவே தடுப்புள்ள கண்ணாடித் தட்டு. ஒரு பாதியில் சிறு செடிகள், மறு பாதியில் பாசில்லஸ் வகைப் பாக்டீரியா. இரண்டும் ஒன்றையொன்று தொட வழியில்லை. மூடிக்குள் இருக்கும் காற்று மட்டும் பொது. பாக்டீரியா விட்ட ஆவிப்பொருட்கள் பட்டே செடிகள் பெரிதாக வளர்ந்தன. அதே பாக்டீரியாவைப் பிறகு திருநீற்றுப்பச்சிலையில் பயன்படுத்திப் பார்த்தார்கள், துளசியின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். அதன் இலையில் நறுமண எண்ணெய் கூடியது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால் அதில் ஒன்று. பாக்டீரியா இருந்தது கீழே, மணம் ஏறியது மேலே.

நம் மூக்குக்கு மணமாக இருப்பது பூச்சிக்கு விஷமாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கும். நறுமணம், கசப்பு, காரம் எல்லாம் செடியின் ஆயுதக் கிடங்கைச் சேர்ந்தவை. வேரில் குடியிருக்கும் சில சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் இலையின் தற்காப்பை முன்கூட்டியே உசுப்பிவைக்கின்றன என்பது 1991 முதல் தெரிந்த செய்தி. இலை உடனே ஆயுதம் எடுப்பதில்லை. நோய் வந்தால் வழக்கத்தைவிட விரைவாக எடுக்கும். எதிர்த்திசையிலும் செய்தி போகிறது. இலையில் நோய்க்கிருமி தாக்கியதும் வேர் மாலிக் அமிலத்தைக் கூடுதலாக விட்டு, உதவும் பாசில்லஸைத் தன் பக்கம் கூட்டிக்கொள்வதை 2008-இல் காட்டினார்கள். மக்காச்சோளத்தில் இது இன்னும் ஒரு படி மேலே. அதன் வேர் விடும் தற்காப்புப் பொருட்கள் மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றிவைக்கின்றன. அடுத்த போகத்தில் அதே மண்ணில் வளரும் செடி பூச்சியை நன்றாகத் தாங்குகிறது, ஆனால் வளர்ச்சி கொஞ்சம் குறைகிறது. 2018-இல் வந்த அந்த முடிவைப் படித்தபோது, பழைய தொட்டி மண்ணை ‘செத்த மண்’ என்று குப்பைக் குழாயில் தள்ளியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

பொள்ளாச்சி நாரும் மாக்சிக்கின் எலுமிச்சையும்

இனி என் சொந்தக் கதை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் ஏழாவது மாடி நடைபாதையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். தொட்டி புதிது, மண் புதிது. பையில் ‘கிருமி நீக்கியது’ என்று பெருமையாக அச்சிட்டிருந்தது. பத்து மாதம் ஆகியும் கன்று ஒரு சாண் உயரம் தாண்டவில்லை. இலைகள் வெளிறி, ஒரு ரசத்துக்குக் கிள்ளினால் மொட்டையாகிவிடும் நிலை. உரம் போட்டேன், இன்னும் போட்டேன்.

பையைப் பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகம் முழுவதும் கட்டியாகப் போகும் சரக்கு. நல்ல பொருள்தான். தண்ணீரைப் பிடித்துவைக்கும், கனமில்லை, மாடிக்குத் தூக்கிவர வசதி. ஆனால் சரியாக மக்காத நார்க்கழிவில் நைட்ரஜனைப்போல் நூறு மடங்கு கார்பன் இருக்கும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடியின் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நுண்ணுயிர் என்றாலே செடிக்கு நண்பன் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பசித்தவன் யாருக்கும் நண்பன் இல்லை.

பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மூத்த பெண்மணியை மலாயில் அப்படித்தான் அழைப்போம்) தொட்டியில் கஸ்தூரி எலுமிச்சை பதினைந்து ஆண்டாகக் காய்க்கிறது. அவர் என் கன்றைப் பார்த்துவிட்டு, தன் தொட்டியின் அடிமண்ணில் ஒரு பிடியை, நாலைந்து நூல் வேர்களோடு, தோண்டி எடுத்து என் தொட்டியில் புதைத்தார். காரணம் கேட்டதற்கு, தன் அம்மா அப்படித்தான் செய்வார் என்றார். இரண்டு மாதத்தில் கன்று தளிர்த்தது.

இங்கே கைதட்டிக் கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதே வாரத்தில் நான் உரத்தை நிறுத்தினேன். வெயில் படும் மூலைக்குத் தொட்டியை நகர்த்தினேன். ஒரு தொட்டி எதையும் நிரூபிக்காது. இருந்தாலும் மாக்சிக்கின் அம்மா தவறான இடத்தில் கைவைக்கவில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். அமெரிக்க நாற்றங்கால்களில் மண்ணுக்குப் புகை மருந்து போட்டுக் கிருமி நீக்கிய பிறகு எலுமிச்சை இன நாற்றுகள் குட்டையாக நின்றுபோவதைப் பார்த்து, மருந்தின் நஞ்சு மிச்சமிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். 1972-இல் வெளியான ஆய்வு வேறு காரணம் சொன்னது: நோய்க்கிருமியோடு சேர்த்து வேர் உட்பூசணத்தையும் கொன்றிருந்தார்கள். பூசணத்தைத் திரும்பச் சேர்த்ததும் நாற்று எழுந்தது. பூசணம் இல்லாத இடத்தில் மணிச்சத்து உரத்தைத் தாராளமாகக் கொட்டியும் நாற்றை வளர்க்கலாம். ஆனால் கொட்டிய பிறகு செடி ஸ்ட்ரைகோலாக்டோனைக் குறைத்துக்கொள்ளும், அழைப்பு நின்றுவிடும். நான் ‘இன்னும் போட்டேன்’ என்றேனே, அந்த நீல உர உருண்டைகள் செய்திருக்கக்கூடிய காரியம் அது.

அப்படியானால் கடையில் பொட்டலத்தில் விற்கும் வேர் உட்பூசணத்தை வாங்கலாமா என்று கேட்பார்கள். எதற்கு என்பதைப் பொறுத்தது. கறிவேப்பிலை, எலுமிச்சை, மிளகாய், கத்தரி என்றால் பலன் இருக்க வாய்ப்புண்டு, பொட்டலத்துக்குள் இருப்பது உயிரோடிருந்தால். நம் வெயிலில் கப்பலிலும் கிடங்கிலும் கிடந்து வந்த தூள் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். சாய் சிம், கைலான், முள்ளங்கி என்றால் காசு வீண். கடுகுக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு உறவே வைத்துக்கொள்வதில்லை. தண்டுக்கீரையும் முளைக்கீரையும் பெரும்பாலும் அப்படியே. பயறு வகைக்கு ரைசோபியம், அதுவும் அந்தப் பயறுக்குப் பொருந்தும் வகை வேண்டும். ‘எல்லாச் செடிக்கும் ஏற்றது’ என்று எழுதியிருக்கும் பொட்டலத்தை நான் திரும்ப வைத்துவிடுவேன். நன்றாக மக்கிய குப்பை உரம் ஒரு பிடியும், உரங்களைக் கொஞ்சம் அடக்கி வாசிப்பதும், வருடக்கணக்கில் நல்ல செடி நின்ற தொட்டியின் மண்ணும் அதைவிட மலிவு. அந்தப் பழைய செடிக்கு வேர் அழுகல் வந்திருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மண்ணில் நல்லது எந்த வழியாகப் போகிறதோ கெட்டதும் அதே வழியாகத்தான் போகிறது.

கெட்டது என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இந்த வட்டாரத்து மண்ணிலும் சேற்றிலும் இயல்பாக வாழ்கிறது. பெருமழைக்குப் பிறகு மேலே வரும். நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும், நம் சமூகத்தில் நீரிழிவு குறைவா என்ன? வேடிக்கை என்னவென்றால் இதற்கு முன்பு சூடோமோனாஸ் என்ற குடும்பப் பெயர்தான் இருந்தது. 1992-இல்தான் பர்க்கோல்டேரியா என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். கையுறை போடுங்கள், காயம் இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள்.

டெங்கிக் கொசுவுக்கு எதிராகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்லும் அறிவுரைகளில் முதலாவது, தொட்டியில் இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள் என்பது. மேலே தண்ணீர் தேங்கக்கூடாது என்பதற்காகச் சொன்னது. வேருக்கும் அதன் குடித்தனக்காரர்களுக்கும் காற்று கிடைப்பது இலவச இணைப்பு. கூரை நீர்க்கால்வாய்களில் போடச் சொல்லும் ‘பிடிஐ’ கொசு மருந்தும் ஒரு பாக்டீரியாதான், பாசில்லஸ் வகை. திருநீற்றுப்பச்சிலைக்கு மணம் கூட்டியதே, அந்த இனத்துக்குப் பங்காளி.

தேக்காவில் வாங்கிய வெட்டிவேர் காய்ந்த வேர்; நட்டால் முளைக்காது. தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்திலிருந்து இரண்டு தூர்களைப் பிரித்து வாங்கிவந்து வைத்திருக்கிறேன். ஒன்று பையில் வந்த நார் மண்ணில், மற்றொன்று சமூகத் தோட்டத்தின் பழைய மண்ணில். நீலக் குழாயை நெட்டுவாக்கில் நிறுத்தியதுபோல் ஆழமான தொட்டிகள், ஏனென்றால் இந்தப் புல் கீழே போவதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். வேர் முற்ற ஒன்றரை ஆண்டாவது ஆகும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே உயரம், ஒரே பச்சை. மாக்சிக் தினமும் காலையில் இரண்டையும் பார்த்துவிட்டு, எலுமிச்சைப் புல்லா என்று கேட்கிறார். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். கீழே இருக்கிறது, இன்னும் நாள் இருக்கிறது என்றேன்.